கன்றுக்குட்டிக்கு மச்சினன் கயிறு பிடித்த விவரம்

சேசு மரி சூசை துணை

மில்லர்புரம்,
தூத்துக்குடி,
12-10-1974

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய அத்தான் ஜேசுபாதம் அவர்கள் சமூகத்துக்கு, மச்சினன் சிலுவை தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தஸ்நேவிஸ் மாதா தயவில் இங்கே அக்கா ஆக்னஸ், என் வீட்டுக்காரி மெட்டில்டா, பசு, நான் ஆகிய எல்லோரும் சுகம். அங்கே மணப்பாட்டில் தாங்களும், தங்கள் காதுக்கு வேளாவேளைக்கு மருந்து விட்டுப் பஞ்சு வைக்கும் தங்கள் தமக்கை ஹில்டா அவர்களும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். மேற்படி சுக வரிசையில் கன்றுக்குட்டியை விட்டுவிட்டானே என்று தாங்கள் பதற வேண்டாம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருந்ததால்தான் விட்டேன். கன்றும் சுகம். இதை எழுதுகிற நேரத்தில் என் பின்னால் நின்று வேட்டி நுனியைச் சப்பிக்கொண்டிருக்கிறது, வேட்டி போனால் போகட்டும் என்று நானும் விட்டிருக்கிறேன்.

தாங்கள் போட்ட கடிதங்களுக்கு நான் பதில் போடாமல் இருந்தது கொழுப்பினால் அல்ல. எழுத நல்ல சேதி இல்லை, அதுதான் காரணம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தங்கள் காதை அறுத்துச் சரி செய்த டாக்டர், இனிமேல் கடலில் முங்கினால் காது போகும், காதோடு ஆளும் போகலாம் என்று சொன்னபோது கட்டில் பக்கத்தில் நின்றவன் நான். அதற்குத் தாங்கள், வீட்டில் சினைப் பசு வாங்கப்போகிறோம், ஊசி போட்டுச் சினையான பசு, சீமைக் கன்று பிறக்கும், அது வளர்ந்து பாலுக்கு வந்துவிட்டால் நான் ஏன் முங்குகிறேன் என்று அவருக்குச் சமாதானம் சொன்னீர்கள். சரி என்று இருந்தேன். பிறகு மணப்பாட்டுக்கு ஓய்வுக்குப் போன இடத்திலிருந்து என்ன எழுதினீர்கள்? கன்று தேறினால் நல்லது, தேறவில்லையென்றால் மறைக்காமல் எழுது, இந்தச் சங்கு சீசனுக்கு வள்ளத்துக்காரச் சம்மாட்டியிடம் என் பேரைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதினீர்கள். இதற்கு நான் என்ன பதில் போட முடியும்? கன்றோ எலும்பும் தோலுமாக நிற்கிறது. உள்ளதை எழுதினால் நீங்கள் கடலுக்குப் போவீர்கள். பொய் எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் போய் முழங்காலில் நிற்க வேண்டும், பங்குச்சாமி ஏற்கனவே என் குரலைக் கேட்டாலே பெருமூச்சு விடுகிறார். ஆகவே மசிப்புட்டி காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மாதா கோயில் திருவிழாவுக்கு மறுவாரம் கன்று பிறந்தது தங்களுக்குத் தெரியும். பசுவை நமக்குத் தந்த ஸ்ரீவைகுண்டம் நயினார் அண்ணாச்சி, தன் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க வருகிற மாதிரி மூட்டை முடிச்சோடு வந்து தங்கி, சீம்பாலை வீணாக்காமல் கன்றுக்கு வயிறார ஊட்டி, நல்ல கிடேரி, பெண் கன்று என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இருந்த வரைக்கும் கன்று துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு ஜெர்சி என்று பேர் வந்ததுகூட அவரால்தான், அது அந்த ஜாதியாம். பக்கத்து வீட்டு ராஜதுரை மட்டும் அதை நம் வீட்டுக்கு விருந்து வந்த ஏதோ பெண்பிள்ளை என்று நினைத்து, ஜெர்சி எந்த வகுப்பு படிக்கிறாள் என்று மெட்டில்டாவிடம் கேட்டிருக்கிறான். நயினார் அண்ணாச்சி புறப்படும்போது முறையைச் சொல்லிக் கொடுத்தார். முதலில் கன்றை விட்டுப் பால் சுரக்க வைக்க வேண்டும், பிறகு இழுத்துக் கட்டிவிட்டு மூன்று காம்பைக் கறக்க வேண்டும், நாலாவது காம்பைக் கன்றுக்கு என்று விட்டுவிட வேண்டும். ஆனால் சீமைக் கன்று பேராசைக்காரக் கன்று, அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் கழிச்சல் வந்து ஒரே நாளில் சாய்ந்துவிடும், அதனால் அது குடிக்கும்போது ஒரு நிதானமான ஆள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றார்.

கயிறு என்று அவர் சொன்னதும் நான் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். கயிறு பிடிக்கவா ஆள் தேடுகிறீர்கள் என்று அவருக்கு எங்கள் கடற்கரை வழக்கத்தை விளக்கினேன். முத்துக்கோ சங்குக்கோ கடலில் முங்குகிறவனுக்கு மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டி கூடப் பிறந்தவன்தான், கூலிக்கு வந்தவன் தூங்கிவிடுவான், கூடப் பிறந்த அண்ணன் தம்பி சொத்தை நினைத்துவிடுவான், மச்சினன் ஒருத்தன்தான் அக்காள் தாலியை நினைத்துக்கொண்டு கண் இமைக்காமல் நிற்பான், கீழேயிருந்து கயிறு வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டினால் அடுத்த நொடி ஆளை மேலே தூக்கிவிடுவான், இப்போதைய பையன்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கயிறில்லாமல் குதிக்கிறார்கள், எங்கள் அத்தான் பழைய ஆள், இந்தக் கையை நம்பித்தான் இத்தனை வருஷம் முங்கினார் என்று சொன்னேன். நயினார் அண்ணாச்சி வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, அப்போ எனக்குக் கவலை இல்லை என்று பஸ் ஏறினார். அத்தான், அங்கேதான் பிடித்தது சனியன்.

மறுநாள் காலையிலிருந்து அக்கா கறந்து முடித்து, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாடிக்கை வீடுகளுக்குப் புறப்படுவாள். நான் ஜெர்சியை நாலாவது காம்பில் விட்டுவிட்டுக் கயிற்றோடு நிற்பேன். அது ரெண்டு சப்பு சப்பும், உடனே வாயை எடுத்துவிடும். மறுபடி போகும், மறுபடி வாயை எடுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் அதுவே அலுத்துப்போய் ஒதுங்கி நின்று என்னையே பார்க்கும். சரி, வயிறு நிறைந்துவிட்டது, நல்ல அடக்கமான கன்று, அண்ணாச்சிதான் வீணாகப் பேராசை என்று பழி போட்டார் என்று நினைத்துக்கொண்டு, மடியில் மிச்சம் இருக்கிற பாலைக் கட்டவிடக் கூடாதே என்று நானே கறந்து மெட்டில்டாவிடம் கொடுத்துக் காப்பி போடச் சொல்வேன். நாளாக ஆக ஜெர்சிக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண் உள்ளே போனது. ரோமம் பொலிவிழந்து குத்திட்டு நின்றது. அந்த நாட்களில் வீட்டில் தேறிய ஜீவன் நான் ஒருவன்தான்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் தொடங்கியது. மெட்டில்டா, பால் பிடிக்காத பிள்ளைக்குக் கஞ்சி பிடிக்கும் என்று சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு மூங்கில் குழாயால் ஊட்டினாள். அது வயிறு ஊதிப்போய்த் தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு தொழுவத்தை அலம்பவே எங்களுக்கு அரை நாள் ஆனது. நான் அவளைப் பிடித்து ஏசிவிட்டு, உனக்கு என்ன தெரியும், நம் பக்கத்தில் நோஞ்சான் பிள்ளைகளுக்கெல்லாம் எது கொடுத்துத் தேற்றினார்கள் என்று, சுறா ஈரல் எண்ணெய் ஒரு கரண்டி எடுத்து ஜெர்சி வாயில் விட்டேன். விட்டேனா, அது தலையை உதறியதில் எண்ணெய் அதன் முகம், கழுத்து, என் சட்டை, மெட்டில்டா சேலை எல்லாம் தெறித்தது. சாயங்காலம் கன்றைப் பசுவிடம் விட்டால், பசு ஒரு மோப்பம் பிடித்தது. பிறகு தன் பிள்ளை இது இல்லை, யாரோ மீன் கூடையைக் கொண்டுவந்து மடியில் வைக்கிறார்கள் என்று முடிவு செய்து ஓர் உதை விட்டது. அந்த உதை கன்றுக்குப் படவில்லை, எனக்குப் பட்டது. அக்காதான் ஜெர்சியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, முதுகில் உப்பைத் தடவி விட்டாள். பசு உப்புக்கு ஆசைப்பட்டு நக்கத் தொடங்கி, நக்கி நக்கித்தான் அதைத் திரும்பத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

பிறகு மாட்டு டாக்டரிடம் போனோம். அவர் கன்றின் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, பூச்சி மருந்து கொடுத்து, பால் எவ்வளவு விடுகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் விடுகிறோம் சார், அதுதான் குடிக்க மாட்டேன் என்கிறது என்றேன். இந்த வயதில் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் உள்ளே போக வேண்டும், முதலில் எடை போட்டு வாருங்கள், போகப் போகக் கூடுகிறதா என்று பாருங்கள் என்றார். கன்றை எங்கே நிறுப்பது? ராஜதுரை வேலை பார்க்கிற உப்புக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறதே, அங்கே கூட்டிப் போனோம். ஒரு வாரம் கழித்து மறுபடி போய் நிறுத்தபோது எடை நன்றாக ஏறியிருந்தது. ராஜதுரை கை தட்டினான். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். உங்களுக்கு எழுதக் காகிதமும் வாங்கிவிட்டேன். பிறகுதான் ஒரு லோடுமேன் சொன்னார், நாங்கள் முறைக்குக் காத்திருந்த நேரத்தில் உங்கள் கன்று குவியலில் உப்பை ஆசை தீர நக்கிவிட்டு, தொட்டியில் இருந்த தண்ணீரை முக்கால்வாசி குடித்துவிட்டதே, பார்க்கவில்லையா என்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த எடை ரோட்டோடு போய்விட்டது. வாங்கிய காகிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை. சீசன் தொடங்கப்போகிறது, உங்களிடமிருந்து வேறு கடிதம் வந்து கிடக்கிறது. எனக்கு உங்கள் காதிலிருந்து ரத்தம் வந்த நாள்தான் கண்ணுக்குள் நின்றது. நான் உங்களை வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது, ஒன்றுமில்லைலே என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தீர்களே, அது. இந்தக் கன்று செத்தால் உங்களுக்கு மறுபடியும் நான் கயிறு பிடிக்க வேண்டிவரும். பிடிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லி நீங்கள் போவீர்கள். அழுதேன் அத்தான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. மெட்டில்டாவும் கூட உட்கார்ந்து அழுதாள், கஞ்சி கொடுத்தது தான்தானே என்று அவளுக்கு.

ரெண்டு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை விடியற்காலையில் நல்ல மழை. அக்கா பால் கறந்துவிட்டு, மழை விடட்டும் என்று தூக்குவாளியோடு தொழுவத்திலேயே நின்றாள். கறந்து முடித்த பிறகு கன்று நாலாவது காம்பில் குடிக்கிற நேரத்தில் அவள் அங்கே நிற்பது அதுதான் முதல் தடவை. நான் வழக்கம் போல ஜெர்சியை விட்டுவிட்டுக் கயிற்றோடு நின்றேன். ஜெர்சி ரெண்டு சப்பு சப்பி, பால் வரட்டும் என்று மடியில் தலையால் ஒரு முட்டு முட்டியது. வாயை எடுத்தது. மறுபடி போய் முட்டியது. மறுபடி வாயை எடுத்தது. நான் அக்காவிடம், பாத்தியாக்கா, அதுக்கே வேண்டாம் என்று சொன்னேன். அக்கா கன்றைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஏலே சிலுவை, கயித்த விடுலே. அங்கன முங்கிக் கெடக்கது உங்க அத்தான் இல்ல, கன்னுக்குட்டி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. குனிந்து என் கையைப் பார்த்தேன். கயிறு ஒரு முழம் என் பக்கம் இழுபட்டு வந்திருந்தது. கன்று மடியை முட்டினால் கயிறு ஒரு வெட்டு வெட்டுகிறது. கயிறு வெட்டினால் இந்தக் கை இழுக்கிறது. நான் இழுக்கவில்லை அத்தான், சத்தியமாகச் சொல்கிறேன், கை இழுக்கிறது. இத்தனை வருஷமாக ஒரு வெட்டு வெட்டினால் ஆளைத் தூக்கு என்று பழகின கை, என்னைக் கேட்காமலே அந்த வாயில்லாச் சீவனைப் பால் வாயில் இறங்கும் முன்பாகவே தினம் தினம் மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. முட்டினால்தான் மடியில் பால் இறங்கும், முட்டினால் மேலே இருக்கிறவன் இழுத்துவிடுவான், அப்புறம் அது என்னதான் செய்யும்? ஒதுங்கி நின்று என்னைப் பார்க்கத்தான் செய்யும். அத்தனை நாளும் அந்தப் பார்வையை நான் திருப்தி என்று நினைத்திருந்தேன்.

சரி, இழுக்காமல் பிடிக்கிறேன் என்று மறுபடி பிடித்தேன். மறுபடி இழுத்தேன். இடது கையில் பிடித்தேன், அதுவும் அதே பள்ளிக்கூடத்தில் படித்த கைதானே, இழுத்தது. அக்கா கயிற்றைப் பிடுங்கித் தூணில் தளர்வாகக் கட்டிவிட்டு, என்னைச் சுவரோரம் உட்கார வைத்துக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஜெர்சி போய் வாயை வைத்தது. முட்டியது. யாரும் இழுக்கவில்லை. ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தது, நான் உட்கார்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு மறுபடி முட்டியது. பிறகு குடித்தது பாருங்கள், வாலை ஆட்டிக்கொண்டு, வாயோரம் நுரை தள்ள, தொண்டை ஏறி இறங்க. குடிக்கிறது, குடிக்கிறது, மேலே வரவே இல்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மெட்டில்டா ஓடிவந்து முதுகில் அறைந்து, மூச்ச விடுங்க, கன்னுக்குட்டி மூக்கால மூச்சு விட்டுக்கிட்டுத்தான் குடிக்குது என்றாள். அப்போதுதான் தெரிந்தது, அது வாயை வைத்த நேரத்திலிருந்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு அதற்கு மேல் ஆசைப்படவிடாமல் அக்கா விலக்கிக் கட்டினாள், ஒரேயடியாகக் குடித்துக் கழிச்சல் வந்துவிடக் கூடாதே என்று. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். காலையும் மாலையும் ஒரே நேரத்துக்குப் பால், நடுவில் நல்ல தண்ணீர், கைப்பிடி பசும்புல், கடித்துப் பழக அகத்திக் கொழுந்து, கம்பும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்த்து இடித்த தீவனத்தை விரலில் ஒட்டி நாக்கில் தடவிப் பழக்குகிறோம். சாணம் கெட்டியாகப் போடுகிறது. இதை ஒரு சந்தோஷச் செய்தியாக நான் எழுதுவேன் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நேற்று நயினார் அண்ணாச்சி வந்தார், நடந்ததைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. “ஆத்துப் பக்கம் கயிறுன்னா மாட்டக் கட்டத்தான் தெரியும், ஒங்க பக்கம் ஆளத் தூக்கவும் தெரிஞ்சிருக்கு” என்றார். கன்றைத் தடவிப் பார்த்து, இனிமேல் பயமில்லை, தோல் மினுங்கத் தொடங்கிவிட்டது, இது நின்று பால் கறக்கும் என்று சொல்லிவிட்டார். ராஜதுரை நேற்று உப்புக்குவியலை மூடி வைத்துவிட்டு நிறுத்துப் பார்த்தான், எடை நிஜமாகவே கூடியிருக்கிறது. காலையில் தொழுவத்தில் அது காலைத் தூக்கித் துள்ளியபோது அக்கா சிரித்தாள். நீங்கள் மணப்பாட்டுக்குப் போன பிறகு அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருக்கிறது.

ஆகையால் அத்தான், சம்மாட்டி ஆள் அனுப்பினால் பேர் கொடுக்க வேண்டாம். கன்று தேறாவிட்டால் என்றுதானே எழுதினீர்கள்? கன்று தேறிவிட்டது. சொன்ன சொல் மாறாதவர் நீங்கள், இனி உங்களுக்குக் கடலில் வேலை இல்லை. காது ஆறியதும் நிதானமாக வந்தால் போதும், அவசரம் ஒன்றும் இல்லை. ஹில்டா மதினிக்கு எங்கள் எல்லோருடைய தோத்திரத்தையும் சொல்லவும். சர்வேசுரனும் மாதாவும் தங்களுக்கு நீண்ட ஆயுசும், காதில் சீழ் வராத வரமும் தந்து காக்க வேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் உங்களுக்கு ஒரு பத்து தனியாகச் சொல்லி வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள மச்சினன்,
சிலுவை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், கன்றுதான் தேறிவிட்டதே, நீங்கள் கால் வைத்து முங்குகிற கல்லை எடுத்துக் கண் படாத இடத்தில் போட்டுவிடலாம் என்று தேடினேன். வீடு முழுக்கத் தேடியும் காணோம். அக்காவிடம் கேட்டேன். தொழுவத்துத் தளத்துக்கு அடியில் கிடக்கிறது என்றாள். பசு வருவதற்கு முன்னால், நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தளம் போட்டோமே, அப்போதே கொத்தனாரிடம் கொடுத்துச் சிமெண்டுக்குள் வைத்துப் பூசச் சொல்லிவிட்டாளாம். அன்று சாயங்காலமே சம்மாட்டி வீட்டுக்கும் போய், எங்க வீட்டுக்காரர் பேரை எந்தக் காலத்திலும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் அதிர்ந்துபோய், அப்போ இந்தக் கன்று செத்திருந்தால் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கன்னு பொழச்சாலும் செத்தாலும் அவுக இனிமே முங்கப் போறதில்ல. கஞ்சி குடிச்சாலும் கரையில இருந்து குடிப்போம்.” அப்படியென்றால் இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் நான் இத்தனை பாடு பட்டிருக்க வேண்டாமே, உதை வாங்கியிருக்க வேண்டாமே என்று கேட்டேன். “சொல்லியிருந்தா நீ கன்னுக்குட்டியப் பாத்திருக்க மாட்டியே” என்று சொல்லிவிட்டுப் பால் ஊற்றப் போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் வாசித்தாலும் சரி, வாசிக்காவிட்டாலும் சரி. நிதானமாக வரலாம் என்று எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். நாளைக்கே பஸ் ஏறி வாருங்கள், அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.